நெட்ஹேக்: 23 தடவை செத்தாச்சு, அஞ்சாவது தளத்தைத் தாண்ட முடியல. எங்க தப்பு பண்றேன்?

கம்பெனிபஸ்_ஜன்னல்சீட் (குடியாத்தம்)

எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தத்துலேர்ந்து ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்கு தினமும் போய் வரேன். கம்பெனி பஸ்ல பாதி வழி சிக்னல் இருக்காது. நெட் இல்லாம ஓடுற கேம் எதுனா சொல்லுன்னு கேட்டதுக்கு, கட்டிங் செக்ஷன்ல இருக்கிற அண்ணன் போன்ல நெட்ஹேக் ஏத்திக் குடுத்தாரு. படம் கிடையாது, எல்லாம் எழுத்தும் புள்ளியும்தான். மொத நாள் சிரிச்சேன். ரெண்டு மாசமா இப்ப அதே பைத்தியம்.

23 தடவை செத்துட்டேன். நோட்டுல கோடு போட்டு வெச்சிருக்கேன். பழைய பொணத்தைத் தின்னு விஷம் ஏறினது மூணு தடவை. நீலக் கலர் கண்ணு ஒண்ணு சும்மா மெதந்துச்சு, அதைக் குத்தினதும் கை கால் வராம நின்னு செத்தது ரெண்டு. சுரங்கத்துல குள்ளனுங்க கடப்பாரை மாதிரி ஒண்ண வெச்சு மண்டையிலயே போட்டது எத்தினின்னு கணக்கே இல்ல.

கடைசி ஆட்டம்தான் மனசு ஆறல. வால்கிரின்ற சண்டைக்காரி, மனுஷ இனம், அனுபவம் 7, ஹெச்.பி. (மிச்சம் இருக்கற உசுரு) 52. அஞ்சாவது தளத்துல ஒரு பெரிய ரூமுக்கு நடுவுல நிக்கிறேன். நீலத்துல சின்ன ஏ எழுத்து ரெண்டு வந்துச்சு, சிப்பாய் எறும்பு. அடிக்க ஆரம்பிச்சேன். 52, 41, 30, 19. ஒண்ணு செத்துச்சு. 6 ஆனதும் படிக்கட்டுப் பக்கம் ஓடினேன். மூணு அடி கூட வெக்கல.

எனக்கு ராசி இல்லையா, இல்ல இந்த கேமே இப்படித்தானா?

காட்பாடி_ஹாஸ்டல்மேட்

ப்ரோ, கேமே இப்படித்தான். செத்தா சேவ் ஃபைலும் அழியும், ரோக்லைக்னு சொல்ற இந்த மாதிரி கேம்னாலே அதான். ஒரு ட்ரிக் சொல்றேன். பெரிய ஈ பட்டனை அழுத்தி, விரலால எழுதறேன்னு கோட்டுக்குறியைக் குடுத்து, தரையில எல்பெரெத்னு எழுது. எழுத்துக்கூட்டல் ஒண்ணு தப்பினாலும் பலிக்காது. அதும் மேல நின்னுக்கிட்டு அடி, அடி, அடி. எறும்பு கிட்டயே வராது.

நைட்டூட்டி_அக்கா (வேலூர்)

தம்பி, ராசியை அப்புறம் பாக்கலாம். சாவறப்ப பையில இன்னா இருந்துச்சு? செத்ததும் கேமே கேக்கும், உன் சாமானெல்லாம் இன்னான்னு காட்டட்டுமான்னு. அதுக்கு ஆமான்னு அழுத்தினியா?

கம்பெனிபஸ்_ஜன்னல்சீட்

அக்கா, எப்பவும் கடுப்புல வேணாம்னுதான் அழுத்துவேன். இந்தத் தடவை மட்டும் கை தவறி ஆமா விழுந்துடுச்சு, ஸ்க்ரீன்ஷாட்டும் இருக்குது. பேர் தெரியாத ஸ்க்ரோல் ஒரே மாதிரி நாலு வெச்சிருந்தேன், அது ஐடென்டிஃபையாம். தனியா ஒண்ணு, டெலிபோர்ட்டேஷன். ஊதாக் கலர் மருந்து ரெண்டு, ஹீலிங். அப்புறம் ஒரு பித்தளைக் கோல், அது ஸ்லீப்னு காட்டுது.

இன்னான்னே தெரியாத சாமானை எப்படி எடுத்து யூஸ் பண்றது? அதான் பத்திரமா வெச்சிருந்தேன்.

நைட்டூட்டி_அக்கா

பத்திரமா வெச்சிருந்தியா! எங்க வார்டுல எமர்ஜென்சி ட்ராலிக்குப் பூட்டு போட்டு சாவியை வீட்ல வெச்சுட்டு வந்த கதையா இருக்குது.

உன் ஆட்டத்தை ஒவ்வொரு அடியா பாப்போம். சிப்பாய் எறும்போட வேகம் 18, உன்னோடது 12. நீ ரெண்டு அடி வெக்கறதுக்குள்ள அது மூணு அடி வெக்கும். அதனால ஓடறதுன்ற வழியே அங்க கெடையாது, அதை மொதல்லயே அடிச்சுடு. ஒரு தடவை கிட்ட வந்தா கடி ஒண்ணு, கொடுக்கு ஒண்ணு. கடி 8 வரைக்கும் போகும், கொடுக்கு 12 வரைக்கும். ஒரு எறும்பே 20 எடுத்துடலாம், உனக்கு வந்தது ரெண்டு. 41ல இருக்கறப்பவே நீ ஆபத்துலதான் இருக்கே. நீ 6 ஆனதும்தான் பயந்தே.

30ல என்ன பண்ணியிருக்கலாம்? கோலை எடுத்து ரெண்டு எறும்பும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி சுட்டா ரெண்டும் தூங்கியிருக்கும். அது இன்னா கோலுன்னு தெரியாதே என்றே. கோல் கிடைச்ச அன்னிக்கே, பக்கத்துல ஒண்ணும் இல்லாதப்ப, அதை வெச்சுத் தரையில எழுதிப் பாக்கணும். ஸ்லீப்பா இருந்தா தரையில இருக்கற பூச்சி அசையாம நின்னுச்சுன்னு ஒரு வரி வரும். அதே வரி டெத் கோலுக்கும் வரும், ரெண்டுல எதுவா இருந்தாலும் உனக்கு லாபந்தான். டிக்கிங்கா, அதாவது தோண்டற கோலா இருந்தா பேரே தெரிஞ்சுடும். அது கிடைச்சா கீழ்ப்பக்கம் பாத்து சுடு, தரை ஓட்டையாகி அடுத்த தளத்துல போய் விழுவே, எறும்பு மேலயே நின்னுக்கும்.

ஸ்க்ரோல் ஒரே மாதிரி நாலு சேந்துச்சுன்னா அது ஐடென்டிஃபையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், கேம்லயே அதிகமா கிடைக்கற ஸ்க்ரோல் அது. கடையில காட்டினா விலையும் குறைச்சலா சொல்லுவான். அமைதியா இருக்கறப்பவே படிச்சிருந்தா உன் மருந்து எது, கோல் எதுன்னு சண்டைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

6ல இருக்கறப்ப கேம்ல சாமியைக் கும்பிட்டியா?

கம்பெனிபஸ்_ஜன்னல்சீட்

இல்லக்கா. வேற ஒரு ஆட்டத்துல கும்பிட்டேன், சாமி கோவமா இருக்காருன்னு வந்துச்சு, அடுத்த டர்ன்லயே போயிட்டேன். அன்னியிலேர்ந்து கும்பிடறதே இல்ல.

பச்சைத்திரை

தம்பி, ஒரு கேள்வி. அந்த ஆட்டத்தில் "நிஜமாகவே தாக்க வேண்டுமா?" என்று கேம் கேட்டு, நீங்கள் ஆமாம் என்று சொன்னதுண்டா?

கம்பெனிபஸ்_ஜன்னல்சீட்

ஆமா சார். ஒரு குள்ளன் வழியை மறிச்சு நின்னுக்கிட்டே இருந்தான். இது எப்படி உங்களுக்குத் தெரியும்?

பச்சைத்திரை

நானும் அதே குள்ளனைக் கொன்றவன்தான். 1990-களில் அலுவலக யூனிக்ஸ் டெர்மினலில், கருப்புத் திரையில் பச்சை எழுத்தில், மேலதிகாரி வருகிறாரா என்று ஒரு கண்ணை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு ஆடினேன்.

சாதுவான ஒருவனைக் கொன்றால் உங்கள் லக் 5 குறையும். அது 600 டர்னுக்கு 1 என்றுதான் தேறும், முழுதாகச் சரியாவதற்கு ஏறக்குறைய 3000 டர்ன். லக் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும்வரை எந்தச் சாமியும் கேட்காது. மற்றபடி பிரார்த்தனையைப் போல ஒரு மருந்து இந்த ஆட்டத்தில் வேறு இல்லை. ஹெச்.பி. ஏழில் ஒரு பங்கு அல்லது அதற்குக் கீழே, இல்லையென்றால் 5-க்குள் வந்தால் கும்பிடலாம். 52-இல் ஏழில் ஒரு பங்கு 7-க்குச் சற்று மேல். ஆக 6-இல் கும்பிட்டிருந்தால் உடம்பு முழுதாக நிரம்பியிருக்கும். ஆட்டம் தொடங்கி 300 டர்ன் ஆகியிருந்தால் முதல் தடவை பயமில்லை. அடுத்ததற்கு 1000 டர்ன் விட்டுவிடுங்கள். பசியில் "வீக்" என்று வந்தாலும் இதே வைத்தியம்தான், அழுகிய பொணத்தைத் தொட வேண்டியதில்லை. பொணம் என்றால் நீங்களே அப்போதுதான் கொன்றதாக இருக்க வேண்டும்.

காட்பாடித் தம்பி சொன்ன எல்பெரெத் பழைய கதை. எழுத்தின் மேல் நின்றபடியே சண்டை போடுவது ஒரு காலத்தில் நடந்தது. 2015-இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து, அங்கே நின்று நீங்கள் அடித்தால் எழுத்து அழிந்துவிடும். அடிக்காமல் இருந்தாலும், ஒவ்வொரு முறை எதிரி மிரளும்போதும் அழிய ஏழில் ஒரு வாய்ப்பு உண்டு. அதை மூச்சு வாங்கும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்களும் காளைத்தலை மினோட்டாரும் அதை மதிக்க மாட்டார்கள்.

இன்னொன்று, நீங்கள் நின்ற இடம். ரூம் நடுவில் நின்றால் சுற்றிலும் எட்டுக் கட்டம் திறந்து கிடக்கிறது. நம் வேலூர்க் கோட்டையைக் கட்டியவன் சுற்றி அகழி வெட்டி வைத்தானே, எதற்கு? எத்தனை பேர் வந்தாலும் வாசலில் நிற்கும் நாலு பேரோடுதான் சண்டை. நடைபாதைக்குள் ஓரடி உள்ளே தள்ளி நில்லுங்கள், எத்தனை எறும்பு வந்தாலும் ஒன்றுதான் உங்களைத் தொட முடியும். கோலால் சுடவும் அதுதான் தோதான இடம், எல்லாம் வரிசையில் நிற்கும்.

நீலக் கண்ணைக் கையாலோ வாளாலோ தொடவே கூடாது. தூரத்திலிருந்து கத்தி எறிந்து கொல்லுங்கள். அதன் வேகம் 1, எங்கும் போய்விடாது.

காட்பாடி_ஹாஸ்டல்மேட்

சாரி ப்ரோ, நான் பழைய வீடியோ பாத்து சொல்லிட்டேன் 😅

ஆனா இவ்ளோ மனப்பாடம் பண்ணிதான் ஆடணுமா? ஸ்டோன் சூப்னு இதே மாதிரி இன்னொரு கேம் இருக்கு, ட்ரை பண்ணு. அதுல ஒரே பட்டனைத் தட்டினா தளம் முழுக்கத் தானா சுத்தி வரும், ஆபத்து தெரிஞ்சா நின்னுடும். 2021ல பசியையே தூக்கிட்டாங்க. மினோட்டார் பெர்செர்க்கர் எடுத்தா மொத அஞ்சு தளம் அடிச்சுத் தூக்கலாம்.

நைட்டூட்டி_அக்கா

நல்ல கேம்தான், நானும் ஆடறேன். ஆனா இந்தத் தம்பியோட வியாதி அங்கயும் கூடவே போவும். தானா சுத்தற பட்டனும் தானா அடிக்கற பட்டனும் கையில இருந்தா இன்னும் வேகமா அழுத்துவான். பெர்செர்க்னு வர்ற அந்த வெறி ஏறி இறங்கினதும் கொஞ்ச நேரம் உடம்பு மந்தமாயிடும். அந்த நேரத்துல ரெண்டாவது கூட்டம் வந்தா அங்கயும் பையைத் திறக்காமதான் சாவான்.

தம்பி, இது டர்ன் கேம். நீ கை வெக்கலன்னா எறும்பும் அசையாது. பஸ் மாதனூர் தாண்டற வரைக்கும் யோசி, அது அப்படியே நிக்கும். ஹெச்.பி. பாதிக்கு வந்ததும் போனை மடியில வெச்சுடு. பையைத் திறந்து ஒவ்வொண்ணா வாய்விட்டுப் படி. பக்கத்து சீட்ல இருக்கறவங்க ஒரு மாதிரி பாப்பாங்க, பாக்கட்டும்.

அடுத்த தடவை குள்ள இன வால்கிரி எடு. சுரங்கத்துல இருக்கற குள்ளனுங்க பெரும்பாலும் உன்னை சொந்தக்காரனா நினைச்சு விட்டுடுவாங்க. விரோதமா ஒருத்தன் வந்தாலும் அவன் வேகம் 6தான். ஒரு அடி அடி, ஒரு அடி பின்னால போ.

கம்பெனிபஸ்_ஜன்னல்சீட்

சரிக்கா. சரி சார். திங்கக்கிழமையிலேர்ந்து ஆரம்பிக்கறேன்.

கம்பெனிபஸ்_ஜன்னல்சீட் (மூணு வாரம் கழிச்சு)

வந்துட்டேன். நடந்ததை சொன்னா நம்ப மாட்டீங்க.

குள்ள வால்கிரி. சுரங்கத்துல ஒரு உசுரு கூட என்னைத் தொடல. வழியை மறிச்சு நின்னவன் விலகற வரைக்கும் காத்துக்கிட்டு நின்னேன் சார். அப்புறம் திரும்பி வந்து அஞ்சாவது தளத்துல இறங்கினா, அந்த ரூம் எங்கயோ பாத்த மாதிரி இருக்குது. நடுவுல ஒரு ஆவி. அதுக்கு என் பேரு! நான் செத்த அதே ரூம். என் நீள வாள், என் கேடயம், எல்லாம் தரையில அப்படியே கெடக்குது. பஸ்ல "டேய்"னு கத்திட்டேன், டிரைவர் திரும்பிப் பாத்தாரு.

பச்சைத்திரை

அதற்கு போன்ஸ் என்று பெயர். சில சமயம் நீங்கள் செத்த தளத்தையே கேம் எடுத்து வைத்துக்கொண்டு பின்னொரு நாள் திருப்பிக் கொடுக்கும். ஆவி ரொம்ப மெதுவாகத்தான் நகரும். ஆனால் அங்கே கிடக்கும் பொருட்களில் பெரும்பாலானவை சாபம் பிடித்தவை. வாளை எடுத்துப் பிடிக்கவில்லையே?

கம்பெனிபஸ்_ஜன்னல்சீட்

இல்ல சார், கோலை மட்டும் எடுத்தேன். போன ஆட்டத்துல பித்தளை, இதுல வேற பேர் காட்டுச்சு. ஆனா என் பொணத்துக்கிட்ட கெடந்த ஒரே கோல் அதுதானே. ஆனாலும் அக்கா சொன்ன மாதிரி தரையில எழுதிப் பாத்தேன், பூச்சி அசையாம நின்னுச்சுன்னு வந்துச்சு.

ஆறாவது தளத்துல 61ல 8 ஆனப்ப கும்பிட்டேன். முழுசா ஏறிடுச்சு. கண்ணுல தண்ணி வராத குறை.

எட்டாவது தளத்துல திரும்ப அதே எறும்பு, ரெண்டு. 40ல போனை மடியில வெச்சேன், பையைப் படிச்சேன். கோல் இருக்குது, அதாவது ஜெயிச்சாச்சு. சுட்டேன். ஒரு எறும்பு தூங்கிடுச்சு. சுட்டது பின்னாடி இருந்த சுவத்துல பட்டுத் திரும்பி வந்து என்னையும் தூங்க வெச்சுடுச்சு. இன்னொரு எறும்பு தூங்கல.

நைட்டூட்டி_அக்கா

ஐயோ, அதை சொல்ல மறந்தே போயிட்டேன்! அந்த ஒளி 7லேர்ந்து 13 கட்டம் வரைக்கும் ஓடும். எதிர்ச் சுவர் பக்கத்துல இருந்தா நேரா உன்கிட்டயே திரும்பி வரும். பின்னாடி நீளமா இடம் இருக்கற பக்கமா பாத்து சுடணும். என் தப்பு, தம்பி.

செத்ததும் லிஸ்ட் பாத்தியா? பையில இன்னா மிச்சம்?

கம்பெனிபஸ்_ஜன்னல்சீட்

ஆமான்னு அழுத்திப் பாத்தேன் அக்கா. ஸ்க்ரோல் எல்லாம் படிச்சாச்சு, மருந்தெல்லாம் குடிச்சாச்சு. அரை ரொட்டியும் அந்தக் கோலும்தான். கோல்ல இன்னும் மூணு தடவைக்கு மிச்சம் இருந்துச்சாம்.

நோட்டுல 27வது கோடு. ஆனா பக்கத்துல 8னு எழுதி வட்டம் போட்டிருக்கேன்.