சப்போரோ (ஜப்பான்) பயணக் குழு

குமார் மாமா: *பகிரப்பட்டது* பனி நாட்டில் கான்டாக்ட் லென்ஸ் அணிந்தால் அது உறைந்து கண்ணோடு ஒட்டிக்கொள்ளும்! அனைவருக்கும் அனுப்பவும்!!

கவி: மாமா டிக்கெட் போட்டாச்சு, இப்பவா இதை அனுப்புவீங்க 😭

செல்வி அக்கா: சும்மா கதை மாமா. உடம்புச் சூடும் கண்ணீரும் இருக்கிறப்ப கண்ணுல லென்ஸ் உறையாது. வெளிக்குளிர விட ரூம்ல ஓடுற ஹீட்டர்தான் தொல்லை. காத்து வறண்டு கண்ணு உறுத்தும். கவி, ஹீட்டருக்கு நேரா உக்காராதே.

பெரியம்மா: கவி லென்ஸுக்கு மட்டும் ஏன் இவ்ளோ சாமான்? எங்க ஆபீஸ் பிள்ளைங்க தினம் ஒண்ணு போட்டு வீசிடுதுங்க

கவி: எனக்குக் கெரட்டோகோனஸ் பெரியம்மா. கருவிழி கூம்பா முன்னால தள்ளிடுச்சு. இது ஸ்கிளீரல் லென்ஸ், பெருசு. வெள்ளை விழி மேல உக்காரும், உள்ள சலைன், அதான் உப்புத் தண்ணி, நிக்கும்.

குமார் மாமா: அப்ப அந்தத் தண்ணி உறையும்ல?

செல்வி அக்கா: கண்ணுக்குள்ள உறையாது. ராத்திரி கார்ல விட்டா உறையும் 😄 போத்தல், டப்பா எல்லாம் ரூம்லயே இருக்கட்டும். வெளிய போறப்ப சலைன் குப்பி கோட்டு உள்பாக்கெட்ல. சில்லுனு ஊத்திப் போட்டா கண்ணு கூசும்.

கவி: வெந்நீர்ல கொஞ்சம் வெச்சு எடுக்கலாமா?

செல்வி அக்கா: உள்ளங்கையில பிடி, போதும். லென்ஸை வெந்நீர்ல காட்டினா வடிவம் மாறலாம். குழாய்த் தண்ணி கிட்டயே வேணாம், அகாந்தமீபானு ஒரு கிருமி இருக்கு. கருவிழியில புகுந்தா மாசக்கணக்குல வைத்தியம்.

அம்மா: ஜப்பான்ல குழாய்த் தண்ணியையே குடிக்கலாமாமே

செல்வி அக்கா: நம்ம ஊர்லயும்தான் குடிக்கிறோம் சித்தி. வயித்துக்கு ஆகும், லென்ஸுக்கு ஆகாது.

செல்வி அக்கா: கவி, லென்ஸ் சுத்தம் பண்ற பெராக்சைடு அதோட வர்ற டப்பாவுலதான். டப்பாவுல இருக்கிற வில்லைதான் அதைக் காரம் இல்லாம ஆக்கும், குறைஞ்சது 6 மணி நேரம். நடுராத்திரி ஊற வெச்சிட்டு, மாமா 4 மணிக்கு மீன் சந்தைக்கு எழுப்பினா லென்ஸ் தொடாதே. கண்ணு எரிஞ்சு போயிடும்.

குமார் மாமா: 4 இல்லமா, அஞ்சரை

செல்வி அக்கா: அதுவும் 6 மணி நேரம் ஆகல மாமா

கவி: லென்ஸ் இல்லாம மூக்குக்கண்ணாடி போட்டா எனக்குப் பாதிதான் தெரியும் அக்கா

அம்மா: நண்டைத் தொட்டுப் பாத்து வாங்கு 😂

செல்வி அக்கா: ராத்திரி ஃப்ளைட்ல தூங்குறதுக்கு முன்னாடி கழட்டிடு. பெரிய போத்தல் செக்-இன் பெட்டியில, சாங்கி ஏர்போர்ட்ல கைப்பையில 100 மில்லிக்கு மேல விடமாட்டாங்க. கம்பளிக் கையுறை கழட்டினா கை கழுவி, நல்லா துடைச்சிட்டுத் தொடு, நூல் ஒட்டும். மத்தியானம் மங்கலா தெரிஞ்சா கழட்டிப் புது சலைன் ஊத்திப் போடு, குப்பியில மிச்சம் இருந்தா வீசிடு. வலி, சிவப்பு, வெளிச்சம் கூசுறதுனா லென்ஸை எடுத்துட்டு அன்னிக்கே டாக்டர்கிட்ட.

கவி: சரி அக்கா. குப்பி ஒரு பெட்டிதான் இருக்கு.

செல்வி அக்கா: பத்தாது, இன்னொண்ணு வாங்கு. கழட்டுற ரப்பர் உறிஞ்சியும் ரெண்டா எடுத்துக்கோ, தொலைஞ்சா அங்க எங்க தேடுவ

பெரியம்மா: நாளைக்கு முஸ்தபா கடையில தெர்மல் வாங்கப் போறோம், யாருக்கு என்ன சைஸுனு போடுங்க

குமார் மாமா: எனக்கு டபுள் எக்ஸ்எல்