‘ஆக்ரிவோல்டாயிக்ஸ்’: கதிர்ப்பந்தல் சாகுபடி எனலாமா?

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

மேலே சூரியத் தகடும் கீழே பயிருமாக ஒரே நிலத்தைப் பயன்படுத்தும் ‘ஆக்ரிவோல்டாயிக்ஸ்’ முறைக்கு ‘வேளாண் ஒளிமின்னியல்’ என்ற தமிழ்ச்சொல் நம்மிடையே முன்மொழியப்பட்டது. சொல்லில் பிழையில்லை, ஆயினும் தமிழ்த் தொகைச்சொல்லில் பொருளை இறுதிச்சொல்லே தாங்குவதால், அது மின்னியலின் ஒரு கிளையாகவே ஒலிக்கிறது. இது ஏன் முக்கியம்? 2070க்குள் நிகரச் சுழிய உமிழ்வு (வெளியிடும் கரிம அளவும் நீக்கும் அளவும் சமமாதல்) என்று 2021இல் கிளாஸ்கோவில் இந்தியா அறிவித்த இலக்குக்குச் சூரியமின் பெருக வேண்டும். தரையில் அமைத்தால் ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 ஏக்கர் பிடிக்கும். 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமான தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் நஞ்சை வைத்திருப்பவர் முதலில் கேட்பது, வயல் வயலாகவே இருக்குமா என்பதுதான். ஆகவே பெயர் சாகுபடியில் முடிய வேண்டும்.

ஜெர்மனியில் கோட்ஸ்பெர்கர், சாஸ்ட்ரோ என்ற அறிவியலாளர்கள் 1982இல் இக்கருத்தை முன்வைத்தபோது, தகடுகளைத் தரையிலிருந்து 2 மீட்டர் உயர்த்தி இடைவெளியையும் கூட்டச் சொன்னார்கள். உழவர்களுக்கான சூரியமின் திட்டமாக மத்திய அரசு 2019இல் கொண்டுவந்த பி.எம். குசும் திட்டமும் விளைநிலத்தில் கால் நட்டு உயரத்தில் தகடு பொருத்த இடமளிக்கிறது. கால் நட்டு மேலே பரப்புவதற்குப் புடலையும் பாகலும் போடுகிறவர்களிடம் ஏற்கெனவே பெயர் உண்டு: பந்தல்.

முதலில் ‘மின்பந்தல்’ என்றுதான் எழுதினேன். திருவிழாவுக்குச் சீரியல் விளக்குப் போடும் பந்தலா என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். ‘கதிர்ப்பந்தல் சாகுபடி’ என்றால் அந்த மயக்கமில்லை. கதிர் ஞாயிற்றுக்கும் நெல்லுக்கும் பொது. அந்த நயமே, எந்த நெல்லும் இப்பந்தலின்கீழ் செழிக்கும் என்று ஏமாற்றவும் கூடும். வடகிழக்குப் பருவமழை மூட்டத்தில் வெளிச்சம் குறைந்து நிற்கும் சம்பாவின்மேல் தகட்டு நிழலையும் சேர்த்தால் விளைச்சல் குறையும். வெற்றிலையோ கும்பகோணம் பக்கத்துக் கொடிக்கால்களில் அகத்தி நிழலில்தான் வளர்கிறது. எனவே, பயிருக்கேற்ற நிழலளவு என்பதை வரையறையிலேயே சேர்க்க வேண்டுகிறேன்.

வரப்போரம் தகடுகளைச் செங்குத்தாக நிறுத்தும் வகைக்குப் பந்தல் பொருந்தாது. ‘கதிர்வேலி’ எனலாம் என்றால், விலங்குகளைத் தடுக்கும் சூரிய மின்வேலியோடு குழம்பும். கீற்றுத்தட்டி போலக் ‘கதிர்த்தட்டி’ என்பது எனக்கு உவப்பு. இரண்டுக்கும் பொதுப்பெயர்தான் இன்னும் அகப்படவில்லை. ஊடுபயிரை நினைத்து ‘ஊடுமின்’ என்று எழுதிப் பார்த்தேன். அது மறுபடியும் மின்னில் போய் முடிகிறது.