தூக்கக் குறிப்பேடும் அக்காவின் கேள்வியும்

மனச்சோர்வும் அளவுக்கு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைய மனநிலைக் கோளாறு எனக்கு இருப்பது முதல் முறை மருத்துவரிடம் சென்றபோது தெரியவரவில்லை. மனச்சோர்வு தாங்க முடியாமல்தான் சென்றேன். அதற்கு முந்தைய மாதங்களில் மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்று துள்ளித் திரிந்ததை நோயாகவே நினைக்காததால், அதைச் சொல்லவுமில்லை. மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்ட சில வாரங்களில் மனம் மறுமுனைக்குப் பாய்ந்தது. நள்ளிரவில் நண்பர்களை எழுப்பித் தொழில் திட்டம் பேசினேன், சேமிப்பும் கரைந்தது. மனச்சோர்வுக்காகச் சிகிச்சைக்குச் செல்பவர்கள் அளவுக்கு மீறி உற்சாகமாக இருந்த நாட்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்நாட்களில் உடனிருந்த ஒருவரை அழைத்துச் செல்வது இன்னும் நல்லது.

பிறகு மனநிலையை நிலைப்படுத்தும் லித்தியம் என்ற மருந்தைத் தொடங்கினேன். 1949-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனை எழுதினார் என்றும், இன்றும் இதற்கு முக்கிய இடம் உண்டு என்றும் என் மருத்துவர் சொன்னது ஏனோ தெம்பளித்தது. கடைசி மாத்திரை எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுத்து அளவு பார்க்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகளும் உண்டு. வயிற்றுப்போக்கு, கடும் வியர்வை, இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் ஆகியவற்றால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடலாம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் வேறெந்த மாத்திரையையும் நான் தொடுவதில்லை. இந்த மருந்தால் கை இலேசாக நடுங்கும்.

மருந்துக்கு அடுத்தபடியாக என்னைக் காப்பது அக்காவுடன் செய்துகொண்ட ஓர் உடன்பாடு. நான் தெளிவாக இருந்த ஒரு நாளில் இருவரும் உட்கார்ந்து எழுதினோம்: தூக்கம் இரண்டு இரவுகள் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்தால் அவளிடம் சொல்ல வேண்டும், அவள் வங்கி அட்டையைக் கேட்டால் மறுபேச்சின்றிக் கொடுக்க வேண்டும், மருத்துவரை அழைக்கும் உரிமை அவளுக்கு உண்டு. நோய் ஏறும்போது அது நோயாகவே தெரியாது என்பதால், நிதானமாக இருக்கும்போதே இதை எழுதி வைத்துவிட வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு காலை, "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்று அக்கா கேட்டாள். எனக்குக் கோபம் பொங்கியது. என் மகிழ்ச்சி அவளுக்குப் பிடிக்கவில்லை என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் வாதாடவில்லை, நான் தூங்கிய நேரத்தை எழுதி வரும் குறிப்பேட்டைத் திறந்து வைத்தாள். நான்கு, மூன்றரை, இரண்டு என்று என் நடுங்கிய எழுத்திலேயே இருந்தது. அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அன்று மாலையே மருத்துவர் மருந்தை மாற்றியமைத்தார். ஒன்பதாம் நாள் ஆறு மணி நேரம் தூங்கினேன். அந்த எண்ணை அக்காவே எழுதினாள்.