வெனிஸில் இரண்டு இரவு: தீவிலா, மெஸ்த்ரேயிலா?

நடைவண்டி:
நவம்பர் நடுவில் வெனிஸ். மூன்று பேர், இரண்டு இரவு. ஒருவருக்கு முழங்கால் வலி; மெதுவாகப் படி ஏறுவார், பெட்டியோடு முடியாது. தீவுக்குள் அறை எடுப்பதா, தீவை நிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு இப்பால், நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேயிலா?

ரயிலடி:
மெஸ்த்ரே. யோசிக்கவே வேண்டாம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே விடுதிகள், பெரும்பாலும் லிஃப்ட் உள்ளவை. பெட்டியைச் சமதரையில் உருட்டிக்கொண்டு போய்விடலாம். காலையில் ரயில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சாந்தா லூச்சியா, தீவிலுள்ள கடைசி ஸ்டேஷன். இன்னொன்று, மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிதான். பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் வாங்கும் நுழைவுக் கட்டணம் இரவு தங்குகிறவர்களுக்குக் கிடையாது. மலிவென்று பக்கத்து ஊரான பாதுவாவில் அறை போட்டால் அந்த விலக்கு இல்லை.

காகிதப் பயணச்சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்து மெஷினில் முத்திரை குத்த மறக்காதீர்கள். பிராந்திய ரயில் சீட்டுக்கு அது கட்டாயம். செயலியில் வாங்கியவர்கள் செக்-இன் செய்யணும். சீட்டு கையில் இருந்தும் அபராதம் கட்டுகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

படகுத்துறை:
நுழைவுக் கட்டணத்தை ஏன் இழுக்கிறீர்கள்? 2024-இல் தொடங்கினார்கள். அந்த ஆண்டும் 2025-லும் ஏப்ரல் முதல் ஜூலைக்குள் குறிப்பிட்ட நாட்களில்தான் வசூல், அதுவும் காலை 8.30 முதல் மாலை 4 வரை. கேட்டவர் போவது நவம்பரில். சீசனில் போகிறவர்களுக்கு வேண்டுமானால் ஒன்று சொல்லலாம்: விலக்கு தானாக வராது, இணையத்தில் பதிந்து அதற்கான க்யூஆர் குறியீட்டை எடுத்து வைத்திருக்க வேண்டும்.

நேரக் கணக்குக்கு வாருங்கள். 12 நிமிடம் என்பது ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும். சாந்தா லூச்சியா வாசலிலிருந்து சான் மார்கோ சதுக்கத்துக்கு 1-ஆம் எண் வாப்பரெட்டோ (பொதுப் படகு) முக்கால் மணி நேரம் எடுக்கும், ஏறக்குறைய எல்லாத் துறையிலும் நிற்கும். நடந்தால் அரை மணிக்கு மேல், வழிநெடுகப் பாலங்கள். போக ஒரு மணிக்கு மேல், வர ஒரு மணிக்கு மேல். நவம்பரில் அங்கே வெளிச்சமே ஒன்பதரை மணி நேரம்தான். மாலை 5-க்குள் இருட்டிவிடும். காலை 7 முதல் 9 வரை சதுக்கம் காலியாகக் கிடக்கும். அந்த நேரத்தில் நீங்கள் மெஸ்த்ரேயில் காபிக்கு வரிசையில் நிற்பீர்கள்.

ரயிலடி:
வெனிஸ் என்றால் சான் மார்கோ மட்டும்தானா? ஸ்டேஷனிலிருந்து கால் மணி நேர நடையில் சான் ரோக்கோ மண்டபம் இருக்கிறது. ஓவியர் தின்தொரெத்தோ 1564 முதல் 1588 வரை சுவரும் கூரையுமாக நிரப்பிய இடம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோகாமல் இருக்கக் கையில் பிடிக்கும் கண்ணாடி அங்கேயே கொடுப்பார்கள், மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஃப்ராரி கோயில், பெரிய பலிபீடத்தின் மேல் 1518-இல் முடித்த தித்சியானோவின் ‘அஸ்ஸூந்தா’ ஓவியம். சான் மார்கோ பக்கம் அறை போட்டவர்கள்தான் இதற்கு இங்கே வர வேண்டும்.

முழங்கால் விஷயத்தை நீங்கள் தொடவே இல்லை. தீவில் நானூறுக்கு மேல் பாலம், பெரும்பாலும் படிகள். மூன்று பெட்டியை யார் தூக்குவது?

மரத்தூண்:
இரண்டு பேரும் தீவை ஒரே துண்டாக வைத்துப் பேசுகிறீர்கள். சாந்தா லூச்சியா வாசலில் இடதுபுறம் திரும்பினால் லிஸ்தா தி ஸ்பாஞ்ஞா தெரு. அங்கிருந்து சான் ஜெரெமியா சதுக்கம் வரை ஒரு பாலம்கூட இல்லை, கல் பாவிய சமதரை. அதைத் தாண்டி குல்யே பாலம் வந்தால்தான் படி. அறை அந்தப் பாலத்துக்கு இப்பால் இருந்தால் போதும்.

முகவரியைப் பார்த்து ஏமாறக் கூடாது. ‘கன்னாரெஜ்ஜோ’ என்று போட்டு நாலு இலக்க எண் கொடுத்திருப்பார்கள். அது தெருவின் எண் இல்லை, அந்த வட்டாரம் முழுவதற்கும் ஓடும் எண். வாப்பரெட்டோ துறையின் பெயர், அங்கிருந்து வாசல் வரை எத்தனை பாலம், இந்த இரண்டையும் விடுதியிடம் கேளுங்கள்.

ரயிலடி:
முகமூடிக் கடையும் காந்தப் பொம்மைக் கடையும் நிறைந்த தெரு அது! அழகுக்காகத் தீவு என்றார்கள், கடைசியில் அங்கேயா கொண்டு விடுவது? நவம்பர் என்றால் அக்குவா ஆல்தா வேறு, கடல் ஏறி ஊருக்குள் தண்ணீர் வரும்.

படகுத்துறை:
தூங்குவதற்குத்தானே அந்தத் தெரு, பார்ப்பதற்கா?

அக்குவா ஆல்தாவுக்குப் பயப்படுவது பழைய கணக்கு. 2019 நவம்பரில் கடல் நீர்மட்டம் 187 செ.மீ. வரை ஏறியது உண்மை. 2020 அக்டோபரிலிருந்து கடல்நீரை மறிக்கும் மோஸே தடுப்புகள் வேலை செய்கின்றன. 110 செ.மீ. வரும் என்று முன்னறிவிப்பு இருந்தால் தூக்கிவிடுவார்கள்.

மரத்தூண்:
அந்த 110-க்குக் கீழேதான் சிக்கல். சான் மார்கோ சதுக்கம் ஊரிலேயே தாழ்ந்த இடம், 80, 90 செ.மீ. வந்தாலே தண்ணீர் ஏறும். மோஸே அதற்குத் தூக்க மாட்டார்கள். சான் மார்கோ கோயிலுக்கு மட்டும் 2022-இல் கண்ணாடித் தடுப்பு வைத்துவிட்டார்கள். ஏற்றம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். நகராட்சியின் நீர்மட்ட அறிவிப்பைப் பார்த்து அந்த வேளையில் சான் ரோக்கோ பக்கம் போய்விடலாம். இதில் ரயிலடி சொல்வது சரிதான்.

நடைவண்டி:
வாப்பரெட்டோ பாஸ் எடுப்பதா, தனிச்சீட்டா?

படகுத்துறை:
தனிச்சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணி பாஸ் 25, 48 மணி 35, 72 மணி 45. மூன்று சவாரிக்கே 28.50 ஆகிவிடும் என்பதால் ஒரு நாளில் மூன்று முறை ஏறினால் பாஸ்தான். மணிக்கணக்கு துறையிலுள்ள மெஷினில் பாஸை முதல் முறை தட்டியதிலிருந்து ஓடும், தேதியிலிருந்து இல்லை. மதியம் 2-க்குத் தட்டினால் மறுநாள் 2 வரை. வந்து இறங்கியதும் அவசரப்பட்டுத் தட்டாமல் முதல் அரை நாளை ஃப்ராரி பக்கம் நடையிலேயே முடிக்கலாம். பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் துறையில் தட்டியே ஏற வேண்டும்.

ரயிலடி:
அந்த பாஸ் மெஸ்த்ரே பஸ்ஸுக்கும் டிராமுக்கும் செல்லும், அதையும் சொல்லுங்கள். சரி, லிஸ்தா தி ஸ்பாஞ்ஞாவை ஒப்புக்கொள்கிறேன், லிஃப்ட் உண்டு என்று விடுதி எழுதிக் கொடுத்தால். பழைய கட்டடங்களில் பலவற்றில் கிடையாது. ‘ப்ரீமோ பியானோ’ என்று போட்டிருந்தால் தரைத்தளம் இல்லை, ஒரு மாடி மேலே. நடுவில் மெத்ஸானினோ என்று ஒரு குட்டைத் தளம் இருந்தால் அதை மாடிக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். முதல் மாடி என்று நம்பி இரண்டு மாடிப் படி ஏற நேரும். மாடியைக் கேட்காதீர்கள், வாசலிலிருந்து கட்டில் வரை எத்தனை படி என்று கேளுங்கள்.