50 டாலர் வந்ததும் பழைய வெள்ளிக் காசை விற்றுவிட வேண்டுமாம்!

காசுப்பெட்டி:
“அவுன்ஸ் வெள்ளி 50 டாலரைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டு விற்றுவிடு. 1980, 2011 இரண்டு தடவையும் அங்கே முட்டித்தான் விழுந்தது” என்று ஒருவர் வேதவாக்கு மாதிரி எழுதியிருந்தார். அதை நம்பியவன் 2025 அக்டோபரில் 50ஐத் தாண்டியதுமே மொத்தத்தையும் கொடுத்திருப்பான். அப்புறம் ஏறிய ஏற்றத்தைப் பார்த்து வயிறு எரிந்திருப்பான். போதாக்குறைக்கு, 1980ல் 50ஐத் தொடவே இல்லை.

தராசுத்தட்டு:
அந்த ஒருவர் நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். 1980 ஜனவரியில் விற்காதவன் ஏறக்குறைய அதே விலையைப் பார்க்க 31 வருஷம் காத்திருந்தான். இடையில் விலைவாசி தின்றது தனிக்கணக்கு. அமெரிக்கக் கோடீஸ்வரர்களான ஹன்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்த வெள்ளி அந்த மார்ச் 27ல் 11 டாலருக்கு வந்தது. வெள்ளி விழுந்தது வியாழக்கிழமை!

காசுப்பெட்டி:
சிலேடை நன்றாக இருக்கிறது. ஆனால் 1980 ஜனவரி 18, லண்டன் விலை 49.45. ஐம்பது எங்கே?

தராசுத்தட்டு:
லண்டனில் நாளுக்கு ஒரு தடவைதான் விலை வைப்பார்கள். அதே நாள் நியூயார்க் முன்பேரச் சந்தையில், அதாவது பின்னால் கைமாறும் சரக்குக்கு முன்கூட்டியே விலை பேசும் இடத்தில், வியாபாரம் நடக்கும்போதே 50ஐத் தாண்டியது.

காசுப்பெட்டி:
தாண்டி, நின்றதா? இல்லை. 49.45.

பூதக்கண்ணாடி:
இரண்டு பேரும் பேசுவது வெள்ளிக் கட்டியைப் பற்றி. கேள்வி காசைப் பற்றி. அமெரிக்காவின் பழைய வெள்ளிக் காசான மார்கன் டாலர் ஒன்று 26.73 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி. இப்படி எடைக்கு விலை போடுவது சாதாரண வருஷக் காசுக்குத்தான். பின்பக்கம் கழுகுக்குக் கீழே இலை வளையம் இருக்கும். அதன் முடிச்சுக்கு அடியில் எள்ளளவு ‘எஸ்’ எழுத்து இருந்து, முன்பக்கம் 1893 என்றும் இருந்தால், எடைக்கு விற்றவன் தலையில் அடித்துக்கொள்வான். ‘எஸ்’ என்றால் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த காசு; அந்த வருஷம் அங்கே அடித்தது ஒரு லட்சம் மட்டுமே. அதை விற்க வெள்ளி விலையைப் பார்க்க வேண்டாம், சேகரிப்பவன் கை நிறையப் பணத்தோடு வரும் நாளைப் பார்த்தால் போதும்.

தராசுத்தட்டு:
அந்த ‘எஸ்’ஸை ஒட்டவைத்து ஏமாற்றுகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியுமா? லென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாம் நிபுணர்களாகிவிட்டார்கள்.

பூதக்கண்ணாடி:
தராசு வைத்திருப்பவர்கள் மட்டும்? 1965 முதல் 1970 வரை வந்த கென்னடி தலை பொறித்த அமெரிக்க அரை டாலர் காசையும் 90 சதவீதம் என்று கூட்டிக் காட்டியது யார்? அது 40. பழைய பதிவு இன்னும் இருக்கிறது.

தராசுத்தட்டு:
அவசரத்தில் எழுதியது. அன்றே திருத்திவிட்டேன்.

காசுப்பெட்டி:
அதைத் திருத்தினீர்கள் சரி, ஐம்பதை?

புதுக்கணக்கு:
அண்ணன்மார்களே, நடுவில் ஒரு கேள்வி. என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது, எல்லாம் கறுத்துக் கிடக்கிறது. பளபளவென்று தேய்த்துவிட்டு விற்கவா? இப்போது விற்கலாமா, பொறுக்கலாமா?

பூதக்கண்ணாடி:
தேய்க்காதீர்கள்! கந்தகம் பட்டுப் படிந்த கறுப்பு அது, அழுக்கு இல்லை. தேய்த்தால் விழும் மயிரிழைக் கீறல்கள் காசைச் சாய்த்துப் பிடித்தாலே தெரியும். சேகரிப்பவன் தொடமாட்டான், எடை விலைதான் கிடைக்கும். இங்கேயே ஒருவர் பற்பசை வைத்தியம் சொன்னார், பேர் சொல்லமாட்டேன்.

காசுப்பெட்டி:
என்னைத்தானே? நான் சொன்னது தேய்ந்துபோன, உருக்கப் போகிற காசுக்கு. முழுசாகப் படிக்காமல் பேசுவது இங்கே சிலருக்கு வழக்கம்.

பூதக்கண்ணாடி:
உருக்கப் போகிற காசுக்குப் பளபளப்பு எதற்கு?

காசுப்பெட்டி:
பேச்சை மாற்றாதீர்கள். 1980ல் 50 இல்லை. 2011 ஏப்ரலிலும் 50க்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. ஆக இரண்டு தடவையும் தொடாத விலையை வைத்து ஒரு விதி!

தராசுத்தட்டு:
49.45ல் விற்றவன் 50 வரவில்லையே என்று அழுதானா? அரை டாலருக்கா இவ்வளவு சண்டை?

காசுப்பெட்டி:
விதியை எழுதியவர் நீங்கள். எண்ணைச் சரியாக எழுதியிருக்கலாம்.

தராசுத்தட்டு:
நியூயார்க்கில் தாண்டியது என்று மூன்றாம் முறை சொல்கிறேன்.

காசுப்பெட்டி:
இரண்டாம் முறைதான். எண்ணுவதிலும் தகராறா?

புதுக்கணக்கு:
சரி, தேய்க்கவில்லை. விற்கவா, வேண்டாமா?

காசுப்பெட்டி:
இருங்க தம்பி. அவர் முதலில் 49.45ஐ ஒப்புக்கொள்ளட்டும்.