மழைக் கணக்கில் ராகு கேது: நிஜமா, தற்செயலா?

மன்னார்குடிப் பக்கம் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு பெருவெள்ளம் என்பார்கள், அது சூரியப் புள்ளிச் சுழற்சியா (சூரியனின் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவது) என்று பார்க்கப்போய் வசமாக மாட்டிக்கொண்டேன். வானிலைத் துறையின் 1901 முதலான தரவில் டெல்டாவின் அக்டோபர்-டிசம்பர் மழையை எடுத்து எக்செலில் ஒப்பிட்டேன். சில பத்தாண்டுகள் ஒத்துப்போகிறது, அப்புறம் தலைகீழ். அந்த 11 ஆண்டில் சூரிய ஒளி 0.1 சதவீதம்தான் மாறும், அதனால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கையும் இல்லை.

பைத்தானில் ஃபூரியர் (தரவில் எத்தனை ஆண்டுச் சுழற்சி எவ்வளவு பலம் என்று பிரித்துக் காட்டும் கணக்கு) போட்டால் 18-19 ஆண்டில் ஒரு மேடு. நிலவின் கணுக்கள் (வானில் நிலவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டும் இரு புள்ளிகள்), அதாவது நம் ராகு கேது, ஒரு சுற்று வர 18.6 ஆண்டு (ஜோசியம் பேசவில்லை!). எல் நினோவின் (பசிபிக் கடல் சூடேறி மழையை மாற்றுவது) பங்கைக் கழித்தால் மேடு சுருங்குகிறது, மறையவில்லை. நகரும் சராசரி (அடுத்தடுத்த சில ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பது) பொய்ச் சுழற்சி காட்டுமென்று அதைப் போடாமல் விட்டுவிட்டேன்.

மொத்தத் தரவிலேயே ஆறு சுற்றுக்குக் கொஞ்சம் மேல்தான் அடங்கும். இதை வைத்து அந்த மேடு தற்செயல் இல்லை என்று உறுதிசெய்ய எந்தச் சோதனை சரி?