அம்மாவுக்குத் தண்ணீர் புரையேறுகிறது: கெட்டிப்படுத்தும் தூள் எங்கே கிடைக்கும்?

யாங்கூனில் எங்களுடன் வசிக்கும் 78 வயதான என் தாயாருக்கு, நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்ததிலிருந்து, தண்ணீரோ தேநீரோ குடித்தவுடன் புரையேறி, குரல் கரகரக்கிறது; குழைந்த கஞ்சி மட்டும் சிக்கலின்றி இறங்குகிறது. காய்ச்சல் இதுவரை இல்லை. நீரும் நூடுல்ஸும் ஒரே வாயில் சேர்வதால் மொஹிங்காவை (மீன் சாறில் அரிசி நூடுல்ஸ் சேர்த்த பர்மிய உணவு) நிறுத்திவிட்டோம். அதில்தான் அவருக்கு எங்கள்மேல் கோபம்.

மருத்துவர் சொன்னபடி நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தச் சொல்லி, தேக்கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுத்தும் இருமல் நிற்கவில்லை. சோள மாவைக் காய்ச்சிச் சேர்த்த நீர், 10 மி.லி. சிரிஞ்சில் 10 விநாடி ஒழுகவிட்டால் 6 மி.லி. மீதி நிற்கும் லேசான கெட்டிப் பதத்தில் இருந்தாலும், எச்சில் பட்ட கரண்டி திரும்பக் குவளைக்குள் போனதும் சில நிமிடங்களில் நீர்த்துவிடுகிறது.

எச்சில் பட்டாலும் நீர்க்காத, சாந்தன் கம் என்னும் கெட்டிப்படுத்தும் தூள் யாங்கூனில் எந்த வகைக் கடையில் கிடைக்கும்?